தலை வெட்டிய நத்தார் மரம்

எங்கள் தோட்டத்தில் இயேசு பாலன் பின்னேரம் நாலு மணிக்கே பிறந்துவிடுவார். லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் இடையில் இருக்கிற தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பாதர்தான். நத்தாருக்கு முதல் நாள் அவர் ஜீப்பில் ஏறி ஒவ்வொரு தோட்டமாகப் பூசை வைத்துக்கொண்டே வருவார். நடுச்சாமப் பூசை டவுன் கோயிலுக்கு. எங்களுக்குக் கிடைத்தது பின்னேரம். மார்கழி மழையில் ஜீப் சேற்றில் புதைந்துவிட்டால் பிறப்பு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

அந்தப் பூசைக்குப் பாலன் சுரூபம், ஒரு சின்னச் சிலை, கோயிலுக்கு வந்து சேருகிற விதம்தான் எங்கள் தோட்டத்து விசேசம். பாதர் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்ள ஓர் உபதேசியார் இருந்தார். நத்தாருக்கு ஒரு கிழமை முன்னால் அவர் லயம் லயமாக வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஜோடித்து வைத்திருக்கும் மரங்களைப் பார்ப்பார். எந்த மரம் அவர் மனதுக்குப் பிடிக்கிறதோ அந்த மரத்தடியில்தான் அந்தக் கிழமை முழுக்கப் பாலன் இருப்பார். கரோல் பாடி வருகிறவர்கள் கடைசியாக வந்து தேத்தண்ணி குடிப்பதும் அந்த வீட்டில்தான். பூசை நாளன்று அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி வெள்ளைக் கவுன் போட்டு, பாலனை இரண்டு கையிலும் ஏந்தி முன்னால் நடப்பாள். தோட்டமே பாட்டுப் பாடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போகும்.

அந்தப் பிள்ளை நானாக இருக்க வேண்டும். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை. படிப்பில் முதலாவதாக வர வேண்டும் என்றுகூட நான் ஜெபித்தது கிடையாது.

ஆனால் தூக்கியது என் பெரியப்பா மகள்.

அவர்கள் அடுத்த காம்பரா. நாங்கள் இருந்த லயத்தில் ஒரு வீடு என்பது ஒரே அறையான ஒரு காம்பராவும் முன்னால் திண்ணைபோல் ஓர் இஸ்தோப்பும்தான். அவள் என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். அந்தச் சில மாதத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அக்கா என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பாகற்காயைக் கடித்ததுபோல் இருக்கும். நிறமும் அவளுக்குத்தான், முடியும் அவளுக்குத்தான், குரலும் அவளுக்குத்தான். இதற்கு மேல் அவளுடைய அம்மா, என் பெரியம்மா, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவர் போன அதே வருசம் அங்கிருந்து ஒரு நத்தார் மரம் வந்து சேர்ந்தது.

பதுளைக்காரி ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது அதைக் கொண்டுவந்தாள். பெரியப்பா டவுனுக்குப் போய் வாங்கி, பஸ்சிலிருந்து இறங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். நீளமான அட்டைப் பெட்டி. அதற்குள் குடைக் கம்பிபோல் மடக்கி வைத்த பச்சை மரம். விரித்தால் எங்கள் கழுத்தளவு வந்தது. கூடவே சிவப்பும் பச்சையுமாக மின்னுகிற பல்ப் கோர்த்த ஒயர். லயத்துக்குக் கரண்ட் வந்து அப்போது அதிக நாளாகவில்லை. பல்ப் எரிவதையே நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவள் வீட்டு பல்ப் எரிந்து எரிந்து அணைந்தது. தோட்டத்தின் மேல் பிரிவு, மேலைக் கணக்கு லயத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். உபதேசியார் வேறு வீட்டுக்குப் போகவே இல்லை. இஸ்தோப்பில் நின்றபடியே முடிவு சொல்லிவிட்டார்.

அதுவரை எங்கள் வீட்டில் இருந்ததை மரம் என்று சொல்வது அநியாயம். அது கிளை. துரை பங்களாவுக்குப் போகிற பாதையில் சைப்ரஸ் மரங்கள் நின்றன. அதில் ஒரு கிளையை அப்பா ஒடித்துவந்து, பால்மா டின்னில் மணலைப் போட்டுக் குத்தி வைப்பார். தலையணையிலிருந்து பஞ்சை எடுத்து நான் பனிபோல் ஒட்டுவேன். மூன்றாம் நாள் கிளை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பெரியம்மாவின் மரம் வரும்வரைக்கும் அது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

மற்றவர்கள் அடுத்த வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டுமென்றால் எட்டியாவது பார்க்க வேண்டும். எனக்கு அந்தச் சிரமமும் இல்லை. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் எங்கள் பக்கத்துத் தகரத்தில் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று விழுந்துகொண்டே இருக்கும். போர்வையால் முகத்தை மூடினாலும் அது அங்கே எரிகிறது என்று எனக்குத் தெரியும். வயிறும் சேர்ந்து எரியும்.

வெளிச்சத்தோடு சத்தமும் வரும். பெரியம்மா கடிதம் எழுதமாட்டார், எழுத்து வராது. கேசட்டில் பேசி அனுப்புவார். பொழுது சாய்ந்ததும் அவள் அதைப் போட்டுவிடுவாள். "பாப்பா, நேரத்துக்குச் சாப்பிடுறியா? தலைக்கு எண்ணெய் வைக்கிறியா? ராவுல தனியா வெளிய போகாத." ஒரே கேசட்தான். தினமும் அதேதான். அவள் சில இடங்களில் "சாப்பிட்டேம்மா" என்று பதில் வேறு சொல்லுவாள். எனக்கு அதுவும் பொறுக்காது. குவைத்திலிருந்து குரல் வருகிற அளவுக்கு அவள் பெரிய ஆளாகிவிட்டாள் என்றுதான் தோன்றும். என் அம்மா என்னைத் திட்டுவதற்குக் கேசட் தேவைப்படவில்லை.

மறு வருசம் நத்தார் நெருங்கியபோது நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"கிளையெல்லாம் வேணாம். எனக்கு மெய்யான மரம் வேணும்."

"அது என்னா மெய்யான மரம்? கிளையும் மெய்தான?"

"வேரோட இருக்கணும். முழுசா இருக்கணும். அவங்க மரம் பிளாஸ்டிக்கு. நம்மளது மெய்யானதா இருந்தா உபதேசியார் நம்ம வீட்டுக்குத்தான் வருவாரு."

அப்பா சிரித்தார். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடி மரமாகிப்போகாமல், இடுப்பளவில் தலையை வெட்டி மட்டமாக வைக்கிற வேலை. எங்கள் தோட்டத்தில் அப்பா வெட்டிய மலையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும் என்பார்கள். பாய் விரித்த மாதிரி இருக்கும். அவர் அதில் ரொம்பப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமைதான் எனக்கு எமனாக வந்தது.

அந்த மாதம் துரை பங்களாவில் ஜீப் நிறுத்த ஒரு கொட்டகை போட்டார்கள். இடைஞ்சலாக நின்ற இளம் சைப்ரஸ் ஒன்றைப் பிடுங்கிப் போடச் சொன்னபோது, அப்பா அதைத் தனக்குக் கேட்டார். துரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். வேர் மண்ணோடு உரச் சாக்கில் கட்டி, தோளில் சுமந்து, மழையில் நனைந்துகொண்டு வந்தார். லயத்து வாசலில், தண்ணீர் ஓடுகிற கானுக்கு இந்தப் பக்கம் குழி தோண்டி நட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். என்னைவிட உயரம். கீழே அகலமாகத் தொடங்கி மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் ஒரே ஒரு குருத்து. வாழ்த்து அட்டையில் போட்டிருக்கும் மரம் அப்படியே எங்கள் வாசலில் வந்து நின்றது. அந்தக் குருத்தில் எந்த நட்சத்திரத்தைக் கட்டுவது என்றுகூட நான் முடிவு செய்துவிட்டேன்.

அவளும் வந்து பார்த்தாள். இலையை உருவி விரலை முகர்ந்தாள்.

"வாசமா இருக்கு. எங்களதுல வாசமே இல்ல," என்றாள்.

அவள் வாயால் இதைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு இரவு தகரத்தில் விழுந்த சிவப்பையும் பச்சையையும் பார்த்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானோபதேச வகுப்பு முடிந்து திரும்பி வந்தேன். வாசலில் அப்பா கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் துடைத்துக்கொண்டு நின்றார். மரத்துக்குத் தலை இல்லை. நடுத்தண்டு இடுப்பளவில் வெட்டப்பட்டு, வெட்டிய வாயில் சாணி அப்பியிருந்தது. சுற்றியிருந்த கிளைகளையும் ஒரே மட்டத்துக்கு நறுக்கியிருந்தார். மேலே ஒரு தட்டை வைத்தால் ஆடாமல் நிற்கும்.

நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"எதுக்கு அழுகுற? சும்மா விட்டா ஒத்தையா மேல ஓடிப்போயிரும் புள்ள," என்றார் அப்பா. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "தலைய வெட்டுனாத்தான் பரந்து வரும். அடுத்த வருசம் பாரு."

"ஏங்க, அது என்னா தேயிலையா?" என்றார் அம்மா.

"எதா இருந்தா என்னா? செடி செடிதான?"

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மா சிரித்ததும் அடுத்த காம்பராவிலிருந்து பெரியப்பா வந்தார். அவருக்குப் பின்னால் அவள் வந்தாள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"சித்தப்பா, இதுல எப்ப கொழுந்து எடுக்கலாம்?"

லயமே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த நாள் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணிகூட இதையே கேட்டாராம். அந்தக் கிழமை முழுக்க நான் வாசல் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக லயத்துக்குப் பின்னால் இறங்கிச் சுற்றிப் போனேன்.

உபதேசியார் வந்தார். நல்ல மனிதர். மரத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். கையில் இருந்த ஈர்க்கு நட்சத்திரத்தை அங்கே வைத்துப் பார்த்தார், இங்கே வைத்துப் பார்த்தார். "இத எங்கம்மா கட்டுறது?" என்று என்னிடமே கேட்டார். பிறகு அடுத்த இஸ்தோப்பில் ஏறினார்.

ஆக, அந்த வருசமும் அவள்தான். குவைத்திலிருந்து வந்த வெள்ளைக் கவுன், அதில் சின்னச் சின்ன முத்து. அவள் பாலனை ஏந்திக்கொண்டு போனபோது நான் கூட்டத்தின் நடுவில் நடந்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் பாலன். "புள்ளைக்குப் பக்தியப் பாரு," என்று பெண்கள் சொன்னார்கள். அழுவதிலும் அவளுக்குத்தான் பேர் என்று நான் பல்லைக் கடித்தேன். அந்தக் கிழமைதான் புது கேசட் வந்திருந்தது. சுவருக்கு மேலால் நானும் கேட்டேன். "பாப்பா, இன்னும் ஒரு வருசம் இருந்துட்டு வர்றேன். வீட்டம்மா விடமாட்டேங்கிறாங்க." அதைக் கேட்டு நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். இன்னும் ஒரு வருசத்துக்குச் சாமான் வரும்.

நத்தார் முடிந்தும் பெரியப்பா வீட்டு மரத்தை அவள் எடுக்கவிடவில்லை. பொங்கலுக்கும் அது இஸ்தோப்பில் நின்றது. கடைசியில் பெரியப்பா மடக்கிப் பெட்டியில் போட்டபோது, பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போய் தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். எப்போதாவது திறந்து முகத்தை உள்ளே வைத்துப் பார்ப்பாள். பெரியம்மா கட்டி அனுப்பிய அந்த அட்டைக்கு என்னவோ சவுக்காரச் சோப்பு மாதிரி ஒரு வாசம் இருந்தது. நான் ஒருமுறை கிட்டப் போனபோது மூடிவிட்டாள். வெறும் அட்டையைக்கூட மற்றவர்களுக்குக் காட்டாத கஞ்சம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். ஏன் வைத்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்கள் மரம் மழையில் கிடந்தது. நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சித்திரை கழிந்து ஒரு நாள் துணி காயப்போடப் போனபோதுதான் கவனித்தேன். வெட்டிய இடத்தைச் சுற்றியிருந்த கிளைகள் பக்கவாட்டில் போவதை விட்டுவிட்டு மேலே திரும்பியிருந்தன. ஒவ்வொன்றும் தான்தான் தலை என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தது. ஐப்பசி மழை பிடித்தபோது மரத்துக்கு நாலு தலை. நாலும் என்னைவிட உயரம். அடியில் கைகளை விரித்து நின்ற அகலத்துக்கு, எங்கள் காம்பராவுக்குள் அதைக் கொண்டுபோகவே முடியாது.

"நான் என்னா சொன்னேன்?" என்றார் அப்பா. வருகிற போகிற எல்லாரிடமும் சொன்னார். ஒரு வருசம் கழித்து வந்த அந்தச் சந்தர்ப்பத்தை அவர் லேசில் விடவில்லை.

நாலு தலைக்கு நாலு நட்சத்திரம் என்று நானும் இறங்கிவிட்டேன். லுணுகலையில் நானா கடைக்குப் போய் டிசுத்தாள் வாங்கிவந்தேன். அப்பா மூங்கிலைச் சீவிக் கொடுத்தார். மரத்தை ஒட்டி மானாப்புல் வேய்ந்து குடில் கட்டினார். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கேட்காமலே வந்து ஜோடித்தார்கள். இந்த முறை என்னை யாரும் அசைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பெட்டியைத் திறக்கட்டும், பல்ப் போடட்டும், என் மரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

அந்த மார்கழி தொடக்கத்தில் பெரியம்மா வந்து இறங்கினார்.

ஆள் பாதியாகிப் போயிருந்தார். கைகளில் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. பஸ்சிலிருந்து இறங்கி நடந்து வந்தவர், வாசலில் இருந்த எங்கள் மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராக இஸ்தோப்பில் ஏறினார். அவள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். இத்தனை நாள் கேசட்டுக்குப் பதில் சொன்னவள், ஆளை நேரில் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. பொழுது சாயும்வரை அப்படியே கிடந்தாள். அப்புறம் சுவருக்கு மேலால் கேட்டது.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"ம்."

"என்னா சாப்பிட்ட?"

இந்தக் கேள்வி கேசட்டில் கிடையாது. அவள் சொன்னாள். பிறகு இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். தகரத்தில் வெளிச்சம் எதுவும் விழவில்லை. நான் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன்.

அவர்கள் மரப் பெட்டியை இறக்கவே இல்லை. உபதேசியார் வருகிற நாள் காலையில் அவளே எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் பல்ப் ஒயர்.

"இந்தா, ஒன் மரத்துல சுத்து. நல்லா இருக்கும்."

"ஒங்களுக்கு?"

"எங்களுக்கு எதுக்கு? அம்மாதான் வந்துட்டாங்கல்ல."

இரண்டு வருசமாக என் தூக்கத்தைக் கெடுத்த ஒயர். அதை அவள் கறிவேப்பிலை கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் போனாள். நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். மரத்தில் சுற்றவும் செய்தேன். நாலு தலையிலும் அது எரிந்தபோது உபதேசியார் கைகூப்பி நின்றுவிட்டார். போட்டிக்கு அடுத்த இஸ்தோப்பில் ஒரு கிளைகூட இல்லை.

பாலன் எங்கள் குடிலுக்கு வந்தார். கரோல்காரர்கள் எங்கள் வீட்டில் கடைசித் தேத்தண்ணி குடித்தார்கள். அப்பா ஒவ்வொருவரையும் மரத்தடிக்குக் கூட்டிப் போய், எந்த இடத்தில் கத்தி வைத்தார் என்று காட்டினார். முதன்முதலாக நற்கருணை வாங்கியபோது போட்ட என் புதுநன்மைக் கவுனை அம்மா மடிப்பவிழ்த்து நீளமாக்கிக் கொடுத்தார். முத்து இல்லை; பரவாயில்லை.

இருபத்துநாலாம் தேதி பின்னேரம் மழை கொஞ்சம் விட்டது. பாலனை என் கையில் கொடுத்தார்கள். நினைத்ததைவிடக் கனம். தோட்டமே எனக்குப் பின்னால் பாடியது. எத்தனை நாள் ஆசைப்பட்ட நடை அது. ஆனால் நான் பாலனையும் பார்க்கவில்லை, பாதையையும் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அவள் முகத்தை எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நான் பட்டதில் பாதியாவது அவள் படுகிறாளா என்று தெரிய வேண்டியிருந்தது. "முன்னால பாரும்மா, விழுந்துருவ," என்று உபதேசியார் இரண்டு முறை சொன்னார்.

கோயில் படிக்கட்டுத் திருப்பத்தில் பார்த்துவிட்டேன். கூட்டத்தின் கடைசியில், பெரியம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள். அத்தனை பெரிய பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி. பெரியம்மா என்னவோ சொல்ல, அவள் அண்ணாந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாட்டும் பாடவில்லை. முன்னால் யார் போகிறார்கள் என்பதே அவளுக்கு நினைவில்லை. பாலனைக் கையில் ஏந்திக்கொண்டு வயிறெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் அம்மா எங்கே என்று தேடினேன். யாருடைய கைப்பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தமாகப் பாடியபடி வழக்கம்போல் வந்துகொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மரத்திலிருந்து என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"நல்லா தூக்குன. கை ஆடவே இல்ல," என்றாள். "எனக்கெல்லாம் ரெண்டு தரமும் ஆடிருச்சு."

நான் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஒரு சுளிப்பு, ஒரு கோணல், கண்ணில் ஒரு சின்ன ஈரம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். எதுவும் இல்லை. உண்மையாகவே சந்தோசப்பட்டுத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "அம்மா நிக்கிறாங்க, வர்றேன்," என்று ஓடிவிட்டாள். அதற்காக அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.